ஏணி இறக்கினால்தான் ஏறலாம்

எங்கள் ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவளுக்குப் பாதி டாக்டர் என்கிற மரியாதை உண்டு. திரேஸ்புரம் போகிற சாலையில் என் கடை. மீன் ஏலம் முடிந்து வருகிறவர்கள் கூடையை வாசலில் வைத்துவிட்டு, "தங்கச்சி, தோள்பட்டை பிடிச்சிருக்கு, நல்லதா ஒண்ணு குடு" என்பார்கள். டாக்டரைப் பாருங்கள் என்றால் முகம் தொங்கிப்போகும். இத்தனை வருஷத்தில் நான் கண்டுகொண்டது இதுதான்: வெள்ளை மாத்திரையைவிட இரண்டு நிறக் கேப்ஸ்யூலுக்கு மதிப்பு அதிகம். கசக்காத டானிக்கை ஒருவரும் நம்புவதில்லை. சிரித்துக்கொண்டே கொடுத்தால் சந்தேகப்படுவார்கள். முகத்தைக் கொஞ்சம் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கொடுத்தால் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும். எனக்கு இயல்பிலேயே கடுகடு முகம். வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது.

ஊரே கேட்கிற என் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் என் வீட்டுக்குள் இருந்தார். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்களே, நான் வீட்டு மாடு. எனக்கு விலையே சொல்லவில்லை என் அப்பா.

அப்பா துறைமுகத்தில் பைலட் லாஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கிற கப்பலை உள்ளே கொண்டுவருவதற்கு வழிகாட்டத் துறைமுகத்திலிருந்து ஒரு பைலட் போவார். அவரை லாஞ்ச் என்கிற விசைப்படகில் ஏற்றிக்கொண்டு போய், ஆடுகிற கடலில் கப்பலின் பக்கவாட்டோடு ஒட்டி நிறுத்தி, அவர் கயிற்றேணியைப் பிடித்து ஏறுகிறவரைக்கும் லாஞ்சை விலகாமல் வைத்திருப்பது அப்பாவின் வேலை. ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலமானால் கடற்கரைக்குப் போய் நின்று, தூரத்தில் நிற்கிற கப்பலின் பெயரை வாசித்துவிட்டு வருவார். அந்தக் கண்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை.

கோயில் மண்டபத்தில் நடந்த கண் முகாமில்தான் அந்தக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "மருந்து போடலைன்னா குருடாயிடுவீங்க. நான் எத்தனையோ பேரைப் பார்த்தாச்சு" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நானும் வீட்டில் அதையேதான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"வலிக்கலளா. கப்பல் பேரு தெரியுது. பொறவு எதுக்கு மருந்து?" என்றார் அப்பா.

இந்த நோய் அப்படித்தான். நேர்ப்பார்வையை விட்டுவிட்டு ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும். கப்பல் பெயர் நேராகத் தெரியும். பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியாது. கடலைப் பார்த்தே கண்ணைச் சோதித்துக்கொண்ட மனிதருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? போதாததற்கு என் தாய்மாமா வேறு வந்து சேர்ந்தார். அவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். "அத்தான், எனக்கும் இப்படித்தான் பயங்காட்டுனானுவ. முத்தட்டும், ஒரேயடியா எடுத்துருவோம். அவசரமே இல்ல!" என்று தொடையில் தட்டிச் சொன்னார். புரை வேறு, இது வேறு என்று நான் கத்தினேன். தொடையில் தட்டியவர்தான் ஜெயித்தார். சொட்டு மருந்துக் குப்பி மாதம் முடிந்தும் கனமாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். என் சின்ன மகள் தாத்தாவுக்கென்று மக்ரூன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அவரது இடது பக்கத்திலேயே நின்றாள். அப்பா சட்டென்று திரும்பி நடந்து அவள் மேல் மோதிவிட்டார். பிள்ளை கீழே விழுந்தது, மக்ரூன் தெருவெல்லாம் பொடியாகிவிட்டது. பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"இவ எங்கன நின்னா?" என்றார். "பக்கத்துலதான் தாத்தா நின்னேன்" என்று அழுதாள் பிள்ளை. திருநெல்வேலியில் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாமா என்று அன்று கேட்டேன். சரி என்றார்.

அந்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். சொந்த ஊர் சாத்தான்குளம் என்றார். அப்பா என்னைப் பார்த்த பார்வையின் பொருள் எனக்குத் தெரியும்: கடலையே பார்க்காத செம்மண் தேரிக்காட்டுப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது? போச்சு என்று நினைத்தேன். ஆனால் அந்தம்மா பழைய சீட்டுகளைத் தொடவே இல்லை. நாற்காலியை அப்பாவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "ஐயா என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார்.

பைலட் லாஞ்ச் என்றதும், "எனக்குக் கடலே தெரியாதுய்யா. ராத்திரியில எதுத்தாப்புல கப்பல் வாரது எப்படித் தெரியும்?" என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து விளக்கினார். கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நம் மேலேயே வருகிறது என்று அர்த்தம். டாக்டரம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். அங்கங்கே சின்ன வெளிச்சம் மினுங்கும். தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். அப்பா ரொம்ப உற்சாகமாக அழுத்தினார். முடிந்ததும், "ஒண்ணையும் விடல" என்றார்.

அந்தம்மா தாளை அவர் முன்னால் வைத்தார். இடது பக்கம் கறுத்துக் கிடந்தது.

"இம்புட்டு விளக்கு எரிஞ்சுதய்யா. ஐயா அழுத்தல."

அப்பா அந்தக் கறுப்பை விரலால் தடவிப் பார்த்தார். "என் சிவப்பு லைட்டுப் பக்கம் எனக்குத் தெரியாதோ இப்ப?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"இடப்பக்கம் தள்ளி எது வந்தாலும் தெரியாது. போனதை என்னால திருப்பிக் கொண்டாற முடியாது. இருக்கதைக் காப்பாத்தப் பாக்கலாம். அதுவும் நூத்துக்கு நூறுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். நான் சொல்லத்தான் முடியும், சொட்டு விடுதது ஐயாதான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. காரியத்தைக் கெடுத்துவிட்டாரே, நூற்றுக்கு நூறு என்று அடித்துச் சொல்லவேண்டாமா, என் கடையில் இப்படிப் பேசினால் ஒரு இருமல் மருந்து விற்குமா என்று மனசுக்குள் வைதுகொண்டே வெளியே வந்தேன்.

பஸ் வல்லநாடு தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா பைலட்டுளா" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். "நல்ல பைலட்டு மேல ஏறுனதும் உத்தரவு போட மாட்டாரு. உங்க கப்பல் எந்தப் பக்கம் இழுக்கும்னு கேப்டன்கிட்ட மொதல்ல கேப்பாரு. ஏன்னா கப்பல் கேப்டனோடது. காத்து எப்படி வரும்னு சத்தியம் பண்ணுத பைலட்டை ஒருத்தனும் நம்ப மாட்டான். இன்னொண்ணு, எம்புட்டுப் பெரிய பைலட்டா இருந்தாலும் கப்பல்காரன் ஏணி எறக்குனாத்தான் ஏற முடியும். கீழ லாஞ்சுல நின்னு கத்துனா மேல கேக்குமா?"

என்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்தபோது அப்பா கடற்கரைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சொட்டு மருந்துக் குப்பி. நான் அவருடைய இடது பக்கம் போய் நின்றேன். அவருக்குத் தெரியவில்லை. என் அப்பாவின் பக்கத்தில் நிற்கிறேன், நான் அங்கே இல்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தேன்.

என்னைப் பார்த்ததும் குப்பியை நீட்டினார். தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஏணி எறக்கியாச்சு. ஏறுளா."

முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அப்பா இமையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார்.