ஒரு முறம் தவிடு

எங்கள் காலத்தில் பிறந்தநாளை யார் கொண்டாடினார்கள்? பிள்ளை எப்போது பிறந்தது என்று கேட்டால், "ஆத்துல தண்ணி கரை தொட்டுப் போன வருசமுங்க" என்பார்கள். அதோடு சரி. ஆனால் என் மகனுக்கு ஒரு வயது நிறைந்த நாள் மட்டும் எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. அது ஒன்றும் சந்தோஷமான நாளில்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து என் உயிரை வாங்கிய நாள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவனுக்கு முன்னால் எனக்கு இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. ஒன்று குப்புறக் கவிழ்வதற்குள்ளேயே போனது. இன்னொன்று பல் முளைத்து, சிரித்துக் காட்டிவிட்டுப் போனது. ஒரு வயதை இரண்டும் பார்க்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்தபோது, இவனையாவது தவிட்டுக்கு விற்றுவிடு என்று ஊரே சொன்னது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்ததை வேறொருத்திக்கு ஒரு முறம் தவிட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று நம்பிக்கை. பேருக்குத்தான் விற்பது. பிள்ளை நம் வீட்டில்தான் இருக்கும், நம் பாலைத்தான் குடிக்கும். ஆனால் யார் கேட்டாலும் என் பிள்ளை என்று வாயைத் திறந்து சொல்லக்கூடாது. வயது நிறைகிற அன்று, விளக்கு வைப்பதற்குள், அதே ஒரு முறம் தவிட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "ஆரு புள்ள?" என்று அவள் மூன்று தடவை கேட்பாள். "என்ற புள்ள", என் பிள்ளை என்று மூன்று தடவை சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைக்குத் தவறினால் அடுத்த வருசம் அதே நாள்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நான் விற்றது நெல் குத்துகிற அக்காவுக்கு. பின்தெருவில் இருந்தாள். ஊரில் நாலு வீட்டு நெல்லைக் குத்திக்கொடுத்து, நொய்யும் தவிடும் கூலியாக வாங்கிப் பிழைத்தவள். புருசன் இல்லை. ஆனால் பெற்ற ஆறும் உயிரோடிருந்தன. ஆறுக்கும் மூக்கொழுகும், ஒன்றுக்கும் காய்ச்சல் தலைவலி வந்து நான் பார்த்ததில்லை. அந்த ராசியை நம்பித்தான் அவள் மடியில் போட்டேன்.

அந்த ஒரு வருசம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாலைக் கொடுத்துக்கொண்டே, "இது அக்கா பையனுங்க" என்று சொல்ல வேண்டும். கொஞ்சும்போது வாய் தவறி என் கண்ணே என்று வந்துவிடக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொள்வேன். சாமி என்று கூப்பிடலாம், அது எல்லாரையும் கூப்பிடுகிறதுதான். ஒரு வயது நெருங்க நெருங்க அவன் "ம்மா, ம்மா" என்று குழற ஆரம்பித்தான். அதை அவன் நன்றாகச் சொல்லப் பழகுவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே வெறி.

எங்களுக்குப் பரமத்தி வேலூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பலகாரக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. என் வீட்டுக்காரர் முன்னால் இருந்து பரிமாறுவார், அடுப்பு என்னுடையது. அந்த நாள் பார்த்துச் சந்தையாகப் போயிற்று. வெற்றிலைக் கூடையும் வாழைத்தாருமாக வண்டி வண்டியாக வந்து இறங்குகிற நாள். கடையைச் சாத்தச் சொல்லலாம் என்று முந்தின நாளே வாயெடுத்தேன். "சந்தையன்னிக்குக் கடையைச் சாத்தினா ஊரு சிரிக்கும். வருசம் பூரா இருந்தவ, சித்த நேரம் இருக்கமாட்டயா?" என்றார். சித்த நேரமாம்!

இருட்டோடு எழுந்து குளித்து, ஒரு முறம் தவிட்டைக் குவித்துக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டினேன். அக்கா சொன்னபடி வெள்ளனே வந்துவிட்டாள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தாள்.

"வா அம்மிணி, முடிச்சுடலாம். பெரிய ஊட்டுல நெல்லு காஞ்சு கெடக்குது, நா போகோணும்."

"இதோ வந்துட்டனுங்க அக்கா. ஒரு ஈடு எறக்கி வெச்சுட்டு வாரேன்."

இட்லி ஈடு இறக்கினேன். "ஏ புள்ள, சட்னி!" என்றார் அவர். சட்னி கொடுத்தேன். "இன்னொரு ஈடு!" என்றார். வண்டிக்காரர்களுக்கு அன்றைக்கென்று என்ன பசியோ, வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கையில் மாவோடு கொல்லைக்கு எட்டிப் பார்ப்பேன், அதற்குள் முன்னாலிருந்து குரல் வரும். மூன்றாவது தடவை எட்டிப் பார்த்தபோது அக்கா எழுந்து சேலையை உதறிக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காத அம்மிணி. பெரிய ஊட்டுக்காரம்மா வையும். உச்சிக்கு வாரேன்."

பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அழ எங்கே நேரம்? அதற்குள் எண்ணெய் காய்ந்துவிட்டது, வடை தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கொல்லைப்புறம் மணிச்சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அட கெரகமே! எவனோ வெற்றிலைக்காரன் வண்டி மாட்டை நிழலுக்கென்று எங்கள் கொல்லையில் கட்டியிருக்கிறான். அது கயிறு எட்டின மட்டும் கழுத்தை நீட்டி, முறத்துத் தவிட்டைத் துடைத்து வைத்ததுபோல் தின்றுவிட்டு, மூக்கெல்லாம் தவிடாக நின்று என்னைப் பார்க்கிறது. கரண்டியை ஓங்கிக்கொண்டு ஓடினேன். மாட்டுக்காரன் பதறிப்போய் வந்தான்.

"தவுடுதானுங்களே! இதுக்குப் போயி இந்தக் கோவமா? நாளைக்கு ரெண்டு மொறமாக் கொண்டாந்து போட்டுடறனுங்க."

நாளைக்காம்! அவனை என்ன சொல்லித் திட்டுவது? வெளியே சொல்லக்கூடிய சமாச்சாரமா இது? "மாட்டை அவுத்துட்டுப் போயா" என்று மட்டும் கத்தினேன். தூளியில் பிள்ளை முழித்துக்கொண்டு வீரிட்டது.

வேறு தவிடு தேட வேண்டும். எதிர்வீட்டுக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. அடுத்த வீட்டம்மா, "எங்க எருமைக்கே இல்லீங்க" என்றாள். கடைசியில் ஒரு செட்டியார் வீட்டில், ஒரு பாத்திரம் அரைத்த மாவைக் கொடுத்துவிட்டு ஒரு முறம் தவிடு வாங்கி வந்தேன். இந்தத் தடவை அதை உறியில் கட்டித் தொங்கவிட்டேன். தவிட்டை உறியில் கட்டிய பைத்தியக்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உச்சியில் அக்கா சொன்னபடி வந்தாள். கூடவே நாமக்கல் பஸ்ஸும் வந்தது. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக் கரி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரி பஸ் சரியாக எங்கள் கடை வாசலில் வந்து, இருமி, நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குக் கெளம்பாதுங்க, எல்லாரும் சாப்பிட்டுக்குங்க" என்று உத்தரவு போட்டான். ஒரு பஸ் கூட்டமும் உள்ளே நுழைந்தது.

அவர் அடுப்படிக்கு ஓடி வந்தார். "சோறு வடி புள்ள! இந்த மாதிரிக் கும்பலு இனி எப்ப வரும்?"

"ஏனுங்க, அக்கா வந்து நிக்கறாங்க. பொழுது உழுகறதுக்குள்ள..."

"பொழுது உழுக இன்னும் எவ்வளவோ கெடக்குது!"

நான் அரிசி களைந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அம்மியில் உட்கார்ந்துவிட்டாள். தேங்காய் அரைத்தாள், காய் நறுக்கினாள், எச்சில் இலை எடுத்தாள். பிள்ளைக்கென்று பாயசம் வைக்கக் கொஞ்சம் வெல்லம் ஒளித்து வைத்திருந்தேன். சர்க்கரை கண்ணால் பார்க்க முடியாத காலம். அவர் அதையும் கண்டுபிடித்துக் காபியில் போட்டுவிட்டார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

பஸ்ஸில் வந்த ஒரு அம்மாள் கொல்லைக்குக் கை கழுவ வந்தவள், பிள்ளையைப் பார்த்து நின்றாள்.

"பையன் அம்சமா இருக்கறானே! உங்க பையனுங்களா?"

"இல்லீங்க. அந்த அக்கா பையன்."

அவள் அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மூக்கு அப்படியே உங்க மூக்கு மாதிரி இருக்குதுங்களே" என்றாள். நான் சோற்றைக் கிளறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு மட்டும் அந்தப் பொய்யை எத்தனை பேரிடம் சொன்னேனோ. சொல்லச் சொல்ல வாய் கசந்தது.

கூட்டம் ஓயவில்லை. அக்காவுக்கு இன்னொரு வீட்டில் வேலை பாக்கி இருந்தது. "பையனை நாங் கொண்டுட்டுப் போறேன் அம்மிணி, இங்க அடுப்புக் கிட்டக் கெடந்து அழுகறான். பொழுதோட ஊட்டுக்கே வந்துடு. நா எங்கயும் போகமாட்டேன்" என்று சொல்லி, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அவனும் திரும்பிப் பார்க்காமல் போனான். சீலைத் தலைப்பைப் பிடித்து விளையாடிக்கொண்டே போனான்.

பஸ்ஸைத் தள்ளிக் கிளப்பி அனுப்பியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. காலிலே நிற்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே என்னுடையதே இல்லை. காலையிலிருந்து ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை. பாயசம் இல்லை, புதுத்துணி இல்லை, பிள்ளையை ஒரு தடவை மடியில் வைத்துப் பார்க்கவில்லை. உறியிலிருந்து முறத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கொல்லைப்புறமாகவே கிளம்பினேன். பத்தடி போயிருப்பேன்.

"ஏ புள்ள! உப்பை எங்க வெச்சே?"

போகிற காரியத்துக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவதா! நின்றுவிட்டேன். கெட்ட கோபம் வரவேண்டியது, வரவில்லை. பயம்தான் வந்தது. முறத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆனால் அதற்கப்புறம் நடந்த நடை வேறு. காலையில் அக்கா கிளம்பிப் போனது, மாடு தவிட்டைத் தின்றது, பஸ் வந்து வாசலில் நின்றது, இப்போது இது. எல்லாம் சேர்ந்து, வேண்டாம், வாங்காதே என்று யாரோ காலைப் பிடித்து இழுப்பதாகப் பட்டது.

அக்கா வீட்டில் ஆறும் வட்டமாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன. நடுவில் இவன். ஆளுக்கொரு வாய் இவனுக்கும் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். மூஞ்சியெல்லாம் கஞ்சி. என்னைப் பார்த்துச் சிரித்தான். பல் முளைத்த சிரிப்பு. இரண்டாவதாகப் பிறந்து போனவளும் இப்படித்தான் சிரித்தாள்.

அக்கா கை கழுவிவிட்டு வந்து, அவனை மடியில் வைத்துக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். நான் முறத்தை அவள் முன்னால் வைத்தேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நேரம் தாராளமாக இருந்தது. தெருவில் எந்த வீட்டிலும் விளக்கு வைக்கவில்லை.

"ஆரு புள்ள?" என்றாள் அக்கா.

வாயைத் திறந்தேன். வருசம் பூராவும் தொண்டையில் வைத்திருந்த வார்த்தை. வரவில்லை.

"ஆரு புள்ள, அம்மிணி?"

என் பிள்ளை என்று சொன்ன இரண்டும் மண்ணுக்குள் போயின. அவள் பிள்ளை என்று சொன்ன ஆறும் எதிரே உட்கார்ந்து கஞ்சி குடிக்கின்றன. ஏழாவதாக இவனும் உட்கார்ந்து குடிக்கிறான். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது தடவை கேட்டாள். "உங்க புள்ளதானுங்க அக்கா" என்றேன்.

அக்காவுக்கு வந்தது பார் கோபம். "என்ன வெளையாட்டா? இருக்கற ஆறு வாய்க்கே நா ஊரு ஊடெல்லாம் ஒலக்கை தூக்கறேன். ஏழாவதையும் என்ற தலையில கட்டறயா?" என்று கத்தினாள். அப்புறம் என்னைப் பார்த்தவள் நிறுத்திக்கொண்டாள். நான் தரையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"சரி, உடு. அடுத்த வருசம் வாங்கிக்க. ஓடியா போகப் போறான்?"

ஒரு இடுப்பில் பிள்ளையும் ஒரு இடுப்பில் முறமுமாக வீடு திரும்பினேன். வாசலில் விளக்கேற்றிக்கொண்டிருந்தவர், முறத்தில் தவிடு அப்படியே இருப்பதைப் பார்த்தார். அன்றைக்கு மிஞ்சிய பாத்திரத்தையெல்லாம் அவரே கழுவினார்.

சகுனத்தால் நின்றது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் அதெல்லாம் இல்லை. களைத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். காலையில் குளித்துவிட்டு நின்றேனே, அப்போது கேட்டிருந்தால் மூன்று தடவையல்ல, முப்பது தடவை என் பிள்ளை என்று கத்தியிருப்பேன். சாயங்காலம் அந்தத் தைரியமெல்லாம் அடுப்பிலேயே வெந்து போயிருந்தது.

அடுத்த வருசம் வந்தது. அதற்குள் ஊரில் காலரா. பயம் இன்னும் கூடியது, நான் தவிட்டை எடுக்கவே இல்லை. அதற்கடுத்த வருசம் அவன் நன்றாகப் பேசினான். அக்காவை அம்மா என்று கூப்பிடச் சொல்லி நானேதான் பழக்கினேன். என்னை அத்தை என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததும் நானேதான். பிறகு ஒவ்வொரு வருசமும், இருக்கட்டும், உயிரோடிருந்தால் போதும் என்று தள்ளிப்போட்டேன். அக்கா செத்தபோது அவள் பெற்ற ஆம்பிளைப் பிள்ளைகளோடு இவனும் மொட்டை அடித்துக்கொண்டான். இனி நான் வாங்க நினைத்தாலும், எதிரே உட்கார்ந்து கேட்க அவள் இல்லை.

இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. போன வாரம் வந்திருந்தான். என் கையால் சாப்பிட்டான், மருந்து வாங்கி வைத்தான், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாரனுங்க அத்தை" என்றான். "போயிட்டு வா சாமி" என்றேன்.