சுறாப் பலகையும் சம்பந்தியம்மா பிடித்த வேட்டியும்

சென்ற வருட ஆடி அமாவாசையன்று காலை, பேர்லினில் எங்கள் முருகன் கோயில் மடைப்பள்ளியில் நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் காய் வெட்டி முடிவதற்குள் கத்தியைப் போட்டுவிட்டுத் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கணவர் அந்த நேரம் உலகத்தின் மற்றப் பக்கத்தில், சுறாக்கள் உலாவுகிற ஒரு கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தும் ஒன்றும் செய்ய வழியில்லை. அன்று முருகன் எனக்குச் செய்ததை அடியார்கள் எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மகள் துளசி பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்ற நகரத்தில் வாழ்கிறாள். அந்த ஊர்ப் பிள்ளையைத்தான் கலியாணம் முடித்திருக்கிறாள். நல்ல பிள்ளை. போன வருடம் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான் வயோதிபர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். கோடை லீவு முழுவதையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளவர்கள் எடுத்துவிட்டார்கள். அதனால் இவர் மட்டும் போனார். போகும்போது பெட்டிக்குள் மிளகாய்த்தூள், பிள்ளை பெற்றவளுக்குக் காயம் வைக்கச் சரக்குத்தூள், விரதத்துக்கு எள்ளு எல்லாம் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். நான் கட்டுகிற முடிச்சைப் பற்றி இவருக்கு எப்போதும் முறைப்பாடுதான். "இதை அவிழ்க்கிறதுக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கவேணும்" என்பார்.

இவர் பேர்லினில் பஸ் ஓட்டுகிறார். பிறந்தது யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில், கடலுக்குக் கிட்ட. இவருடைய தகப்பனார் ஊரில் காலமானபோது இவர் இங்கே அகதி முகாமில் விசா இல்லாமல் இருந்தார். கொள்ளி வைக்கப் போக முடியவில்லை. அந்தத் துக்கத்தை வாய் திறந்து சொல்ல மாட்டார். ஆனால் ஆடி அமாவாசை விரதத்தை ஒரு வருடமும் விட்டதில்லை. தகப்பனை நினைத்துக் கடலில் முழுக வேண்டிய நாள் அது. பேர்லினில் கடலுக்கு எங்கே போவது? ஏரியில் வாத்துகளோடு சேர்ந்து முழுகிவிட்டு வருவார். வந்து, "உப்பில்லாத தண்ணி" என்று ஒரு வார்த்தை சொல்வார். அவ்வளவுதான். ஆகவே இந்த முறை அமாவாசைக்கு உண்மையான கடலுக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறார் என்றதும் இவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் மறக்க மாட்டேன்.

மகளிடம் இவர் அதைச் சொல்லவில்லை. இவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. சொன்னால் விரதம் இருக்க விடமாட்டாள். போய் இறங்கிய நாளே அவள், "அப்பா, இந்தக் கடலிலை கவனம், இறங்கிறதெண்டால் என்னைக் கேளுங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். "பருத்தித்துறையானுக்குக் கடலைப் பற்றிச் சொல்லித் தாறியோ" என்று சிரித்துவிட்டாராம் இந்த மனுசன். அவளும் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற அலுப்பில் அதோடு விட்டுவிட்டாள்.

ரெசிஃபேயில் விடிகிற நேரம் எங்களுக்கு முற்பகல். என் போனுக்கு ஒரு படமும் குரல் செய்தியும் வந்தன. மங்கலான வெளிச்சத்தில் கடற்கரை. அதன் ஓரத்தில் ஒரு பெரிய பலகை. பலகையில் ஒரு சுறாவின் படம். இவருடைய குரல் அப்படியே துள்ளுகிறது.

"இஞ்சேருமப்பா, கடலெண்டால் இதுதான் கடல்! முன்னாலை கல்லு வரிசையாய் நிக்குது, எங்கடை ஊர் மாதிரியே. உந்தப் படத்தைப் பாரும், இஞ்சை சுறாவும் விக்கிறாங்கள். இண்டைக்கு விரதம். நாளைக்கு வந்து வாங்கிப் பிள்ளைக்கு வறை செய்து குடுக்கப் போறன். போனைச் சால்வைக்குள்ளை சுத்தி மணலிலை வைச்சிட்டு முழுகப் போறன், பிறகு கதைக்கிறன்."

நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் எனக்கும் அந்த நேரம் மகிழ்ச்சிதான் வந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க, தேங்காய்ப்பூ போட்டு வறுத்தெடுக்கிற சுறா வறையைப் போல எதுவும் இல்லை என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். கடற்கரையில் சுறாப் படம் போட்ட பலகையைக் கண்டால் எங்கள் மூளை மீன்கடையைத்தான் நினைக்கும். நான் அந்தப் படத்தைப் மடைப்பள்ளியில் என்னோடு சமைக்கிற ராஜி அக்காவிடம் காட்டினேன். அவவும் நானும் அந்தச் சுறா பால்சுறாவா, தேங்காய்ப்பூ எவ்வளவு போடவேண்டும், மகள் உறைப்புச் சாப்பிடலாமா என்று விரத நாளில் கோயிலுக்குள் நின்று மீன்கறி கதைத்துக்கொண்டு நின்றோம். முருகன் பொறுத்துக்கொள்வான்.

பிறகு ராஜி அக்கா கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பெரிதாக்கினார். அவருடைய முகம் மாறியது.

"பிள்ளை, இது கடையில்லை."

"பின்னை என்ன அக்கா?"

"கீழை இங்கிலீசிலையும் எழுதியிருக்கு. டேஞ்சராம். சுறா தாக்கிற இடமாம். குளிக்க வேண்டாமாம்."

உடனே இவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார், போன் சால்வைக்குள் கிடக்கிறது. மகளுக்கு அடித்தேன். பிள்ளை நித்திரை என்றால் அவள் போனை ஓஃப் பண்ணிவிடுவாள். மருமகன் வேலை அலுவலாக வேறு நகரத்தில் நின்றார், அவரும் எடுக்கவில்லை. மருமகனின் தாய் லூசியா, மகள் இருக்கிற அதே வீட்டில்தான் இருக்கிறா. ஆனால் அவவின் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தும் என்ன, அவவுக்குப் போர்த்துக்கீசம், எனக்குத் தமிழும் ஜெர்மன்காரரின் டொச்சும். கலியாணத்தில் கட்டிப்பிடித்ததைத் தவிர நாங்கள் இருவரும் ஒரு சொல் பேசியது கிடையாது. திரும்பத் திரும்ப அடித்தேன். வாழ்நாள் முழுவதும் வீதிப் பலகை பார்த்து பஸ் ஓட்டிய மனுசன், இந்த ஒரு பலகையில் வந்து பிழை விட்டாரே என்று ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கடைசியில் ராஜி அக்கா என் கையிலிருந்த போனை வாங்கினார். "இதை நான் பாக்கிறன். நீர் உள்ளை போம்" என்றார்.

முருகன் முன்னால் போய் நின்றேன். அதுவரை நான் கும்பிட்ட விதத்தைச் சொல்லவேண்டும். கற்பூரம் காட்டும்போது கையெடுத்துவிட்டு, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிடும் என்று மடைப்பள்ளிக்கு ஓடுகிற ஆள் நான். அன்று எந்தத் தேவாரமும் வாயில் வரவில்லை. வீட்டில் கதைக்கிற மாதிரியே கதைத்தேன். சரியாகச் சொன்னால் சண்டை பிடித்தேன்.

"முருகா, அந்த மனுசன் செய்தது பிழைதான். பிடிவாதக்காரன், ஒருத்தர் சொல்லும் கேளாது. ஆனால் தகப்பனுக்காகத்தானே இறங்கினது? உன்னைத் தகப்பன்சாமி எண்டுதானே கூப்பிடுறம்? கடலுக்குள்ளை போய் ஒளிச்ச சூரனையே விடாமல் பிடிச்சனி. என்ரை மனுசனைக் கரைக்கு இழுத்து விடுறது உனக்குப் பெரிய வேலையோ? ஆரையாவது அனுப்பு. ஆரையெண்டாலும் அனுப்பு. நான் இனி இவரோடை சண்டை பிடிக்கமாட்டன். தேருக்குப் பால்செம்பு எடுக்கிறன்."

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். பூசை நடந்தது, மணி அடித்தது, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. விபூதியைக் கொடுத்த ஐயர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டாவது தரமும் தந்தார்.

அப்போது ராஜி அக்கா ஓடி வந்தார். "எடு, எடு, உன்ரை மகள்!"

போனில் முகம் தெரிந்தது. மகளின் முகமில்லை, இவருடைய முகம்! நனைந்து ஒட்டிய தலைமயிர், தோளில் பெரிய பெரிய பூப்போட்ட ஒரு பெண்கள் துவாய். உயிரோடு இருக்கிறார். இரண்டு கையும் இருக்கிறது. அவர்தான் முதலில் கேட்டார், அதுவும் கோபமாக.

"நீர்தானே இந்த மனுசிக்குப் போன் எடுத்துச் சொன்னனீர்?"

"எந்த மனுசிக்கு?"

"சம்பந்தியம்மாவுக்கு! நீர் சொல்லாமல் அவ எப்பிடி வந்தவ?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஒருத்தரும் போன் எடுக்கேல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

ராஜி அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூலஸ்தானத்தைப் பார்த்தோம். இப்போது எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நடந்தது இதுதான். இரவில் ஒரு நாளும் பெரிதாக அழாத என் பேரன் அன்று விடியற்காலையில் வீரிட்டு அழுதிருக்கிறான். பால் கொடுத்தும் நிற்கவில்லை. மகள் களைத்துப் போனாள் என்று சம்பந்தியம்மா பிள்ளையை வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு பல்கனிக்கு வந்திருக்கிறா. அவர்களுடைய வீடு கடற்கரை வீதியில்தான், பல்கனியில் நின்றால் கடல் முழுவதும் தெரியும். அங்கே வெள்ளை வேட்டியோடு ஒருவர் குனிந்து எதையோ அவிழ்க்கப் பாடுபட்டுக்கொண்டு நிற்கிறார். அது நான் கட்டிக் கொடுத்த எள்ளுப் பொட்டலம்! முடிச்சு அவிழவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டு மனுசன் தண்ணீரை நோக்கி நடக்கிறார். சம்பந்தியம்மா பிள்ளையை மகளிடம் போட்டுவிட்டு, இரவுச் சட்டையோடு, வெறுங்காலோடு, படியிறங்கி, வீதியைக் கடந்து ஓடினா.

அந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவ அவ. ஆனால் அந்தத் தண்ணீரில் கணுக்காலுக்கு மேல் இறங்கி எத்தனையோ வருடமாகிவிட்டது என்று மகள் பிறகு சொன்னாள். அப்படிப்பட்டவ அன்று இடுப்பளவு தண்ணீருக்குள் போனா. அவ கூப்பிட்டா, இவருக்கு விளங்கவில்லை. குளிர் தண்ணீர் என்று சொல்கிறா போல என்று நினைத்து, கையை ஆட்டிச் சிரித்துவிட்டு இன்னும் முன்னால் போகப் பார்த்தாராம். அப்போது சம்பந்தியம்மா எட்டி இவருடைய வேட்டியைப் பிடித்தா. பிடித்த பிடியில் வேட்டி கழன்று அவவின் கையோடு போய்விட்டது. அவ அதை விடவில்லை. சுருட்டிக்கொண்டு கரைக்கு ஓடினா. ஒரு யாழ்ப்பாணத்து ஆம்பிளைக்கு, சம்பந்தியம்மாவின் முன்னால், வேட்டியில்லாமல்! சுறாவாவது மண்ணாவது, இவர் உள்ளே போட்டிருந்த அரைக்காற்சட்டையோடு, "வேட்டி, வேட்டி" என்று கத்திக்கொண்டு அவவின் பின்னால் கரைக்கு ஓடி வந்தார். கரையில் வைத்து அவ இவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பலகையின் முன்னால் நிறுத்தி, சுறாவின் படத்தைக் காட்டி, தன் காலில் கையால் வெட்டிக் காட்டினா. அப்போதுதான் இவருக்கு விளங்கியது. அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

விடிந்த பிறகு கடற்கரைக் காவலர் வந்து, மகள் மொழிபெயர்க்க, நன்றாகத் திட்டினாராம். மழைக்காலத்தில் ஆற்றுச் சேறு வந்து தண்ணீர் கலங்கியிருக்கும். அமாவாசையில் தண்ணீர் ஏறும். விடிகிற நேரம் சுறா இரை தேடும். கல்லு வரிசையில் இடைவெளி உள்ள இடத்தில் ஆழம் அதிகம். இவர் இந்த நான்கையும் ஒன்றுகூட விடாமல் தெரிவு செய்திருக்கிறார். "உங்கடை அப்பா இதுக்குப் படிச்சிட்டு வந்தவரோ" என்று காவலர் கேட்டாராம்.

அன்று அந்தத் தண்ணீருக்குள் சுறா நின்றதா என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் காணவில்லை. நான் அதை அறியவும் விரும்பவில்லை.

ஆனால் அதே அமாவாசை இன்னொன்றையும் செய்தது. நேரம் போகத் தண்ணீர் நன்றாக வற்றிவிட்டது. கல்லு வரிசை மதில் மாதிரி வெளியே எழும்பி, அதற்கு உட்பக்கம் முழங்கால் அளவில் தெளிந்த குளம் போலத் தண்ணீர் நின்றது. அந்த நேரம் அங்கே இறங்கலாம் என்று காவலரே சொல்லி, பக்கத்தில் வந்து நின்றார். சம்பந்தியம்மா இவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. முழங்கால் தண்ணீரில் எப்படி முழுகுவது? இவர் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டார். சம்பந்தியம்மா பேரன் குளிக்கிற கோப்பையால் அள்ளி அள்ளி இவரின் தலையில் ஊற்றினா. மகள் கரையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் போனில் காட்டினாள். இவர் எள்ளைக் கையில் எடுத்து, தகப்பனின் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டார். பிறகு இத்தனை வருடமும் அழாத மனுசன் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்குள் சிரிப்பும் வந்தது. "உப்புத் தண்ணியப்பா, உப்புத் தண்ணி!" என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். பேரன் நல்ல நித்திரை. தன் வேலை முடிந்தது என்ற மாதிரி.

அன்று அழுதது என் பேரன்தானா, அவனுக்குள் இருந்து குழந்தைவேலன் அழுதானா, அல்லது அவனுடைய பூட்டனார், இவருடைய தகப்பனார், தன் மகனைக் காப்பாற்ற அழுதாரா? எனக்குத் தெரியாது. நான் கூப்பிட்டேன், அங்கே ஒரு பிள்ளை அழுதது. இதற்கு மேல் எனக்கு அத்தாட்சி வேண்டாம்.

இவர் இப்போது பலகை என்று எதைக் கண்டாலும் நின்று வாசித்துவிட்டுத்தான் வருகிறார். நாய்க்குக் கயிறு கட்டவும் என்ற பலகையைக்கூட விடுவதில்லை, வீடு வந்து சேரப் பொழுதுபட்டுவிடும். நான் பருப்பு அடிப்பிடித்தாலும் பரவாயில்லை என்று தீபாராதனை முடியும்வரை முருகன் முன்னால் நிற்கிறேன். அவனோடு வீட்டு ஆளோடு போலக் கதைக்கிறேன். சண்டை பிடிக்கமாட்டேன் என்ற நேர்த்திதான் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. அதைத் தவணை தவணையாகச் செலுத்துகிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடத் தேருக்குச் சம்பந்தியம்மா மகளோடும் பேரனோடும் பேர்லின் வந்தா. நான் சேலை கட்டிவிட்டேன். கழுத்தில் சிலுவை, நெற்றியில் விபூதி, தலையில் பால்செம்பு. நான் ஒரு செம்பு, அவ ஒரு செம்பு. எனக்கும் அவவுக்கும் இன்னும் மொழி இல்லை. வீதி முழுவதும் சிரித்துக்கொண்டே வந்தோம். பின்னால் இவர் புது வேட்டியோடு, இடுப்பில் தடித்த பெல்ற் கட்டிக்கொண்டு வந்தார்.

கஷ்டத்தில் நிற்கிற என் சகோதர சகோதரிகளே, வெட்கப்படாமல் அவனைக் கூப்பிடுங்கள். தேவாரம் வராவிட்டால் சண்டையாவது பிடியுங்கள், கேட்பான். ஆழத்துக்குப் போகுமுன் உங்களைப் பிடித்து இழுப்பான். யாருடைய கையால் இழுப்பான் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.