கண்ணாடிக்காரம்மா

அமெரிக்காவில் ஒரு நாவலாசிரியை இருக்கிறார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எங்கள் அம்மா அளவுக்கு அறிந்தவர்கள் கொங்கு நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. இத்தனைக்கும் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு காகித மில்லில் அம்மா கழிவுக் காகிதம் பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் காகிதம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து கண்டெய்னர் லாரியில் மில்லுக்கு வரும். கம்பி போட்டு இறுக்கிய பெரிய பெரிய கட்டுகள். கம்பியை வெட்டினால் அட்டைப்பெட்டிகள், செய்தித்தாள்கள், சில சமயம் புத்தகங்கள் பொலபொலவென்று சரியும். புத்தகமாக இருந்தால் மேலட்டையைக் கிழித்துத் தனியே போட வேண்டும். அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் கூழில் கரையாது. உள்தாள் கூழுக்குப் போகும், அட்டை சிமெண்ட் ஆலைக்கு எரிக்கப் போகும். மில்லிலிருந்து நல்ல தாள் ஒன்றைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. அட்டை குப்பைதானே, அதைக் கேட்பாரில்லை. அம்மா அவற்றை மடித்துச் சோற்றுப்பைக்குள் வைத்துக் கொண்டுவருவாள்.

அதனால் வகுப்பில் எல்லோருடைய நோட்டும் பழுப்புத்தாள் அட்டையோடு இருக்க, என் நோட்டுகள் மட்டும் அமெரிக்க அட்டையோடு இருந்தன. சமூக அறிவியலுக்கு ஒரு கலங்கரை விளக்கம். கணக்குக்கு ரத்தம் சொட்டும் கத்தி. கணக்கு வாத்தியார் அதைத் திருத்தும்போதெல்லாம் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரே முகம் போட்ட அட்டைகள் திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தன. பின்னட்டையில் வெள்ளைத் தலைமுடியும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அம்மா கண்ணாடிக்காரம்மா என்று வைத்துவிட்டாள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நான் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வேன். ஏரிக்கரை ஊர் ஒன்றில் ஒரு நாயோடு வசிக்கிறார், கல்லூரியில் எழுதச் சொல்லிக்கொடுக்கிறார் என்று இருந்தது.

சில மாதம் கழித்து வேறொரு கட்டில் அதே கண்ணாடி வந்தது. ஆனால் முடி கருப்பு. இந்தமுறை கணவரோடும் இரண்டு நாய்களோடும் வசிப்பதாகப் போட்டிருந்தது.

"அட, இப்பத்தான் கண்ணாலம் ஆயிருக்குதா!" என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

"இது மொதல்ல எழுதுன புக்குங்மா. அது அப்பறம் எழுதுனது."

அம்மா இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். "அப்ப ஊட்டுக்காரன் போட்டுட்டுப் போயிட்டானா? இல்ல செத்துப்போட்டானா?"

"அட்டையில போடலீங்மா."

"நாயி?"

"ஒண்ணு இருக்குது."

"அதாச்சும் இருக்குதே, போ."

மில்லுக்கு முன்னும் பின்னும் தெரியாது. கட்டை வெட்டினால் எது கிடைக்கிறதோ அதுதான். அதனால் எங்களிடம் கிழவியாக வந்தவர் போகப்போக இளமையானார். கடைசியில் காற்றில் முடி பறக்க, மாட்டுக் கொட்டகை வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். மாட்டுப் பண்ணையில் பிறந்து, ஊறுகாய் கம்பெனியில் வேலை பார்த்து, இரவுக் கல்லூரியில் படித்து எழுத வந்தவர் என்று அந்த அட்டை சொன்னது. மேலே பத்திரிகைகள் அற்புதம், மறக்க முடியாதது என்றெல்லாம் எழுதியிருந்தன. அதையும் நான் விடாமல் தமிழில் சொன்னேன். மாட்டுக் கொட்டகையைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார்.

சனிக்கிழமைகளில் நான் அம்மாவுக்குச் சோற்றுப்போசி கொண்டுபோவேன். ஒருமுறை கண்ணாடிக்காரம்மாவின் புத்தகங்கள் என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்துகிடந்தன. ஒரு லாரி நிறைய ஒருவர் எழுதியது! அவரைவிடப் பெரிய எழுத்தாளர் உலகத்தில் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு புத்தகத்தின் அடிப்பக்கத்திலும், தாள்களின் விளிம்பில், மை பேனாவால் கருப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது.

"இதென்னுங்மா?"

"அத்தன பேரு கண்ணு படுமில்ல? திருஷ்டிக்கு வெச்சிருப்பாங்க" என்றாள் அம்மா, அடுத்த அட்டையைக் கிழித்துக்கொண்டே. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் பட்டது. எங்கள் வீட்டில் புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டிக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தோம்.

எட்டாவது முழுப்பரீட்சை முடிந்த வாரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நூல் மில்களுக்கு வேனில் பெண்பிள்ளைகளை ஏற்றிப்போய் ஆஸ்டலில் விடுவது அவர் தொழில். நல்லவர், தேன்மிட்டாய் இல்லாமல் வர மாட்டார். அன்றைக்கு இரண்டு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"எட்டாவது போதாதுங்களாக்கா? கையெழுத்துப் போடுது, பஸ்ஸு போர்டு படிக்குது. இன்னுமென்ன, கலெக்டராவா ஆகப்போகுது? ஆஸ்டல்ல உட்டம்னா சோறு தண்ணியெல்லாம் அவிங்களே பாத்துக்குவாங்க. கண்ணாலத்துக்கும் ஒரு தொகை சேந்துரும். திங்கக்கெழம வண்டி போகுது, ஒரு சீட்டு வெச்சிருக்கறன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மாப்ள சொல்றதுலயும் ஞாயம் இருக்குது" என்றார். அப்பா ஒரு விஷயத்தில் ஞாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அது முடிந்த மாதிரிதான். நான் கதவோரம் மிட்டாயை வாயில் அடக்கியபடி நின்றேன். அதை மெல்லத் தோன்றவில்லை.

அம்மா எழுந்து உள்ளே போனாள். என் பழைய நோட்டுகளிலிருந்து உரித்த அட்டைகளோடு வந்து, சீட்டுப் பரப்புகிற மாதிரி மாமா முன்னால் தரையில் வரிசையாக வைத்தாள். மாட்டுக் கொட்டகை, ரெண்டு நாய், ஒரு நாய்.

"இதாருங்க்கா?"

"கண்ணாடிக்காரம்மா. அமெரிக்கா. நம்மளாட்ட மாடு கண்ணு வெச்சிருந்தவிய ஊட்டுப் புள்ள. ஊறுகா கம்பெனில வேல பாத்துட்டேதான் படிச்சுது. இப்ப அது எழுதுனது கப்பலேறி நம்மூருக்கு வருது. ஒண்ணா ரெண்டா? கிழிச்சுக் கிழிச்சு எங்க கையே ஓஞ்சுபோச்சு. உன்ற வேனு எதுவரைக்கும் போயிருக்குது? காங்கேயத்தத் தாண்டியிருக்குமா?"

"அதுக்கில்லீங்க்கா..."

அம்மா சோற்றுப்பையிலிருந்து ஒரு முழுப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சூப்பர்வைசரைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தாளாம். மாமா வாங்கிக் கனம் பார்த்தார். புரட்டவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அடியில என்னமோ கருப்பாட்ட இருக்குதுங்க்கா?"

"திருஷ்டிக்குடா. ஊரு ஒலகத்துக் கண்ணு பூரா படுதே. நீ வேனுக்குக் கருப்புக் கயிறு கட்டல?"

வெளியே வேப்பமரத்தடியில் மாமாவின் வேன் நின்றது. முன்னால் எலுமிச்சம்பழம், மிளகாய், கருப்புக் கயிறு, பின்னால் நாக்கை நீட்டிய பூதம். அவர் ஒருதரம் வேனைப் பார்த்தார், ஒருதரம் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாவிடம் கொடுத்தார்.

"செரி, பத்தாவது வரைக்கும் பாக்கலாமுங்க்கா." என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, நீயும் இத்தப்பெருசு எழுதிப்போடுவியா?"

"எழுதிப்போடுவேனுங்க மாமா."

பத்தாவது முடிந்தபோது யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முடிந்தபோது கல்லூரியில் இடம் கேட்க மாமாவின் வேனில்தான் போனோம். எங்கள் குடும்பத்தில் எட்டாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். இன்று கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

போன வருடம் உக்கடம் பக்கம் பழைய புத்தகக் கடை ஒன்றில் வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் அடியில் அதே கருப்புக் கோடு. கடைக்கார பாயிடம் கேட்டேன்.

"அது விக்காம தேங்கிக் கெடந்த புக்குங்க மேடம். கொறஞ்ச வெலைக்குத் தள்ளிவிடுவாங்க. வாங்குனவங்க மறுக்கா கொண்டாந்து முழு வெலைக்குத் திருப்பித் தரக்கூடாதுன்னு ஒரு கோடு இழுத்துருவாங்க. அப்படியும் போகலைன்னா கூழுதான்."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பாதியிலேயே தோன்றியது. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுகூடவா விக்கல?"

"கொஞ்சம் வித்திருக்குமுங்மா. நம்ம மில்லுக்கு வந்ததெல்லாம் விக்காதது."

"அப்பறம் எதுக்கு அந்தம்மா தலை நரைக்கற வரைக்கும் எழுதீட்டே இருந்துது?"

"தெரியலீங்மா."

காம்புகளை ஒதுக்கிவிட்டு அம்மா கையைத் தட்டினாள். "நீ ஒரு வரி எழுதிப்போடு அம்மணி. இங்க வந்து சேந்துதுன்னு சொல்லிப்போடு. பாவம், ஒருத்தரும் படிக்கலைன்னு நெனச்சுட்டிருக்கும்."

நான் பூஜை அலமாரியைத் திறந்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் வைத்த சந்தனம் அட்டையில் பொருக்குத் தட்டியிருந்தது, கண்ணாடியின் ஒரு பக்கம் தெரியவில்லை. எடுத்துத் துடைத்து, வாசற்படியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதற்குப் பொட்டு வைத்தோம், பூ வைத்தோம், அதைக் காட்டி மாமாவின் வாயை அடைத்தோம். அதைப் படித்துப் பார்க்கலாம் என்று மட்டும், அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரே ஆளான எனக்கு இத்தனை வருடமும் தோன்றியதில்லை.