அத்தை வாத்தியாரான நாள்

செங்கம் ரோட்டில் இன்றைக்குக் காபிக் கடைகளும் வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளுமாக இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, நான் பிள்ளையாக இருந்தபோது ஒரு கூரைப் பள்ளிக்கூடம் இருந்தது. கிரிவலப் பாதை அதன் வாசலை ஒட்டியே போகும். நானும் அங்கே படித்தேன். படித்தேன் என்று நான் சொன்னால் அந்தக் கூரைக்கே சிரிப்பு வந்திருக்கும். கொஞ்ச நாளில் மாடு மேய்க்கப் போய்விட்டேன். அதில் மாடுகளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சொல்ல வந்தது அத்தையைப் பற்றி. அப்பாவின் தங்கை. எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருவில் அவ்வளவு படித்த பெண் வேறு கிடையாது. டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பெண்பிள்ளை வெளியூரில் தங்கிப் படிப்பதாவது என்று தாத்தா அதைவிடப் பிடிவாதம். நடுவில் வாத்தியார் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் ஏதோ ஒரு சாவுக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடத்தை அத்தை பார்த்துக்கொள்ளட்டும், ஒரு குறையும் வராமல் நடத்திவிட்டால் பிறகு பேசலாம் என்றார். தாத்தாவும் சரி என்று தலையாட்டினார். குறை வராமலா போகும் என்கிற தைரியம் அவருக்கு.

குறை காலையிலேயே வந்துவிட்டது. அத்தையை யாரும் வாத்தியாராகவே மதிக்கவில்லை. "யக்கா, நீ எங்க ஊட்டுக்கு மோர் வாங்க வருவியே, நீ எப்படி வாத்தியாரு?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஒருத்தி சிலேட்டை உடைத்துவிட்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் துணைக்கு அழுதார்கள். ஒருவன் உட்கார்ந்த இடத்திலேயே ஈரம் பண்ணிவிட்டான். அத்தை பிரம்பை எடுத்தாள், அடிக்க மனசு வராமல் அதைக் கூரையில் செருகிவிட்டாள். அதற்குப் பிறகு யார் அடங்குவார்கள்?

அந்தச் சத்தத்தில்தான் என் தம்பி காணாமல் போனான். அவனுக்குப் பள்ளிக்கூட வயசு ஆகவில்லை. அம்மா களையெடுப்புக்குப் போகும் நாளில் என்னோடு அனுப்பிவிடுவாள், மூலையில் உட்கார்ந்து சாக்பீஸ் தின்பான். அது தீபத் திருவிழாச் சமயம். நாட்டுப்புறத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் சங்கு ஊதிக்கொண்டு மலை சுற்றிப் போவார்கள். சங்குச் சத்தத்துக்குப் பின்னாலேயே அவனும் போய்விட்டான்.

வாசலில் வேர்க்கடலை விற்றவளை அத்தை கேட்டாள். யாரோ ஒரு பெரியவர், அழுதுகொண்டு நின்ற பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு இப்போதுதான் போனார் என்றாள் அவள். அத்தை ஓடப் பார்த்தாள். வகுப்பை யாரிடம் விடுவது? தெருவில் பெரியவர்கள் எல்லாரும் கழனியில் இருந்தார்கள். கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு கை பிடிக்கச் சொன்னாள். விட்டவனை மலையிலேயே விட்டுவிடுவேன் என்று மிரட்டினாள். அன்றைக்கு அவள் சொல்லி நாங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

போகிற வழியெல்லாம் ஒரே பதில். தோளில் பிள்ளையோடு ஒருவர் இப்போதுதான் போனார். அந்த இப்போது எங்களுக்கு எட்டவே இல்லை. பெரியவர் ஏன் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடவில்லை என்றால், மலை சுற்றக் கிளம்பியவர் பாதியில் திரும்ப மாட்டார். சுற்றி வந்தால் எடுத்த இடத்துக்கே வந்துவிடப் போகிறோம், அப்போது இறக்கிவிட்டால் ஆயிற்று என்று நினைத்திருக்கிறார். அவர் கணக்கில் தப்பே இல்லை.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வரும் எங்களைப் பார்த்து, பிள்ளைகள் தேர் இழுப்பதாக ஏதோ வேண்டுதல் என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். அரோகரா போட்டார்கள். நாங்களும் போட்டோம். பொரி கொடுத்தார்கள், பானகம் கொடுத்தார்கள், கால் ஓய்ந்த சின்னப் பிள்ளைகளை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வாய்த்ததே இல்லை.

அத்தை மட்டும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடிஅண்ணாமலையில் ஒரு அம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, திரும்பிப் போய்ப் பள்ளிக்கூடத்திலேயே உட்கார், பிள்ளை தானாக வந்து சேரும் என்று புத்தி சொன்னாள்.

"புள்ள இல்லாம போயி எங்க அப்பா மூஞ்சில எப்படிம்மா முழிப்பேன்?" என்றாள் அத்தை. கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நாங்கள் முழு மலையும் சுற்றி, பெரிய கோயில் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கழனியிலிருந்து வந்த ஜனம் மொத்தமும் வாசலில் நின்றது. நடுவில் தாத்தா. அவர் இடுப்பில் தம்பி, வாயெல்லாம் வெல்லம். பக்கத்தில் ஒரு முண்டாசுப் பெரியவர், கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரராம், பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதோ வந்துவிட்டிருந்தார்.

அத்தை அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா இது, எங்க கூட்டினு போன புள்ளைங்கள?" என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். அத்தை வாயைத் திறப்பதற்குள் தாத்தா பேசினார்.

"நாந்தான் சொன்னேன், தீபத்துக்கு மலை சுத்திக் கூட்டினு வான்னு. புண்ணியம் உங்களுக்கு வாணாமா?"

அந்தத் தாய் அடங்கிவிட்டாள். இன்னொருத்தி குடத்தோடு வந்து, மலை சுற்றி வந்த கால் என்று எங்கள் காலில் எல்லாம் தண்ணீர் ஊற்றினாள். தாத்தா கயிற்றின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் பார்த்தார்.

"எல்லாம் வந்துட்சா?"

"வந்துட்சிப்பா."

"வாத்தியார் வந்தார்னா என்னை வந்து பாக்கச் சொல்லு. அந்த டிரெயினிங்கு விஷயமா."

அவ்வளவுதான். தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, முண்டாசுப் பெரியவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மலை சுற்றிக் கூட்டிக்கொண்டு வரும்படி தாத்தா எப்போது சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. காலையில் அவர் அத்தையிடம் பேசவே இல்லையே. அதைக் கேட்கலாம் என்று உள்ளே போனேன். அத்தை தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் நடந்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தேன்.

அவள் இன்னும் அதிகமாக அழுதாள். நான் இன்னும் அழுத்திப் பிடித்தேன்.