பயணிகள் இல்லாத தடம்

போன வாரம் என் மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்ற விதியை மதித்து, இருபத்தொன்பதாம் நாள் அனுப்பியிருந்தார்கள். ‘மேற்படி தடத்தில் போதிய பயணிகள் இல்லை என ஏற்கெனவே கள ஆய்வில் உறுதி செய்யப்பட்டுள்ளதால், பேருந்தை மீண்டும் இயக்கக் கோரும் தங்கள் மனு ஏற்கத்தக்கதல்ல.’ நல்ல வாக்கியம். வீணான ஒரு சொல் கிடையாது. இருக்காதா பின்னே, அதில் முக்கால்வாசி நான் எழுதியது.

பஸ் தடங்களின் கோப்புகளைப் பார்க்கிற அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்த மனுவை எந்தக் காரணம் சொல்லித் திருப்ப வேண்டும் என்று இரண்டு தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நன்றாகத்தான் படித்திருக்கிறார்கள்.

மனுப் போட வைத்தது என் கண். டிரைவிங் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். எனக்குத் தெரிந்த நடைமுறைப்படி அதற்கு ஐந்து நிமிடம் போதும். டாக்டர் நம்மை ஏறிட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. என் கெட்ட காலம், இந்த டாக்டர் பார்த்தார். “நேரா உள்ளதுதான் ஒங்களுக்குத் தெரியுது. பக்கத்துல இருந்து என்ன வந்தாலும் தெரியாது. இனி வண்டியத் தொடாதிய சார்.”

தொடாமல் இருக்கலாம். ஆனால் என் மனைவி கோமதிக்குச் செவ்வாயும் வெள்ளியும் பாளையங்கோட்டையில் டயாலிசிஸ். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். எங்கள் ஊரோ அம்பாசமுத்திரம் ரோட்டிலிருந்து கால்வாய்க் கரையோடு ஏழு கிலோமீட்டர் உள்ளே. பெங்களூரில் இருக்கும் மகன், “ஆப்ல புக் பண்ணுங்கப்பா” என்கிறான். பண்ணினேன். அரை மணி நேரம் ஒரு வட்டம் சுற்றிவிட்டு, அருகில் வாகனம் இல்லை என்றது. அம்பாசமுத்திரத்து டாக்ஸிக்காரர், “அங்கன வந்து கூட்டிட்டுப் போயி நாலு மணி நேரம் காத்துக் கெடக்கணும். வேற ஆளப் பாருங்க சார்” என்று போனை வைத்துவிட்டார். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லையாம். எங்கள் ஊரில் பஸ்ஸே இல்லை.

இருந்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஈரச் சாக்கு, வாழைத்தார், டீசல், யாரோ தலையில் வைத்த பிச்சிப்பூ, எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. இன்றைக்கும் வயற்காட்டில் பம்புசெட் ஓடினால் எனக்கு அந்த பஸ்தான் வருகிறது. சுடலைமுத்து அண்ணாச்சிதான் டிரைவர். எங்கள் தெரு நெடுகப் பைய உருட்டிக்கொண்டு வந்து, வீட்டுக்கு வீடு ஆரன் அடிப்பார்.

“என்ன யக்கா, இன்னுந் தலைய ஒணத்திக்கிட்டு நிக்கிய?”

“ரெண்டு நிமிசம் நில்லுங்க அண்ணாச்சி, உலைய எறக்கிட்டு வாரேன்.”

“ஒன் உலை எறங்குத வரைக்கும் நின்னா, டிப்போவுல என் வேலைக்கு உலை வச்சிருவாவ.”

சொல்லிவிட்டு நிற்பார். சாயங்காலமும் அப்படியே, அவரவர் வாசலில் இறக்கிவிடுவார். முறையான நிறுத்தம் ஊர்க் கடைசியில், பஸ் திரும்புகிற இடத்தில் இருந்தது. கடைசி ஆளும் தெருவிலேயே இறங்கிவிட, அங்கே பஸ் காலியாகப் போய்ச் சேரும். காலையில் காலியாகக் கிளம்பும். ஊரில் ஒருவர்கூட அந்த நிறுத்தத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

பயணிகளை எண்ணிக் கணக்கெடுக்க ஒருமுறை வந்தவர் அந்த நிறுத்தத்தில்தான் உட்கார்ந்தார். அதுதான் விதி. மூன்று நாள் உட்கார்ந்து, ‘ஏறியவர் இல்லை, இறங்கியவர் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். அறிக்கை என் மேசைக்கு வந்தது.

அண்ணாச்சி வீடு தேடி வந்தார். காபியைத் தொடவில்லை. “தெருவுல நிறுத்துனேன்னு மட்டும் எழுதிராதிய. நிறுத்தமில்லாத எடத்துல நிறுத்துனதுக்கு மெமோ வரும். ரிட்டயராவ எட்டு மாசந்தாங் கெடக்கு.”

“எழுதலேன்னா பஸ் போயிரும் அண்ணாச்சி.”

“போனா வேற பஸ் விடுவாவ வே. பென்சன் போனா எனக்கு யாரு விடுவா?”

நான் எழுதவில்லை. ‘தற்காலிகமாக நிறுத்தலாம்’ என்று குறிப்பு வைத்தேன். அலுவலகத்தில் தற்காலிகம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? ஊர்க்காரர்கள் மறு ஆய்வு கேட்டு மனுக் கொடுக்க ஒரு வழி இருந்தது. அதையும் நான் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணாச்சியைக் காப்பாற்றினேன் என்று ரொம்ப நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம்தான் நான் முதல் கார் வாங்கியிருந்தேன் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.

பிறகு தெருவில் வீட்டுக்கு ஒரு வண்டி வந்தது. ரோடு நன்றாக இருக்கிறது, கார் இருக்கிறது, இனி என்ன குறை என்றார்கள். கார் இல்லாத வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போகவில்லை. போக முடியாமல் நின்றவளுக்கு, படிப்பில் நாட்டமில்லை என்று பெயர். கார் உள்ள வீட்டில், ஓட்டுகிறவன் வெளியூர் போய்விட்டால் மற்றவர்களுக்குக் காய்ச்சல் வரக்கூடாது. ஒரு ஊரையே ஓட்டத் தெரிந்தவன், தெரியாதவன் என்று இரண்டாக வகுந்துவிட்டு, அதற்கு வளர்ச்சி என்று பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையை நட வந்தவர்களும் காரில்தான் வந்தார்கள்.

கோபப்படுகிறாயே, கோமதிக்கு என்ன வழி செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நான்தான் ஓட்டுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன தண்டனை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். போகும்போது அவள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வருவாள். “எடப்பக்கம் ஆடு நிக்கி. ஒருத்தன் சைக்கிள்ல வாரான், பைய. லாரிய விடுங்க, அவனுக்கு என்ன அவசரமோ.” நான் அவள் சொன்னபடி திருப்புவேன்.

திரும்பும்போது அவளால் முடியாது. ஊசி குத்திய கையை மடியில் போட்டபடி, அம்பாசமுத்திரம் ரோட்டை விட்டுத் திரும்புவதற்குள் தூங்கிப்போவாள். எழுப்ப மனம் வராது. கால்வாய்க் கரை ரோட்டில் ஏழு கிலோமீட்டரும் நானே பார்த்து ஓட்ட வேண்டும். ஒரு காலத்தில் மரத்துக்கு மரம் ஆள் நிற்கும், பஸ்ஸுக்குக் கை காட்டும். இப்போது அந்த ரோட்டில் நடப்பவரும் இல்லை, நிற்பவரும் இல்லை. கண் தெரியாதவன் கார் ஓட்ட அதைவிட நல்ல ரோடு கிடைக்காது.