மாஷிமாவின் நீலப் புடவை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நியூ டவுன் வீட்டில் என் பெண் பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படம் ஒன்றைத் தேடிப் போட்டாள். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கையில் மெழுகுவர்த்தி, பின்னால் ஒரு பாட்டு. "இதுக்கா அம்மா பயந்தே?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

அதே படத்தை நான் முதலில் பார்த்தது ஒன்பது வயதில், லேக் மார்க்கெட் பக்கத்து வாடகை வீட்டில். கோடை விடுமுறைக்கு மதராஸிலிருந்து வந்த மாமா வீடியோ கேசட் கொண்டுவந்திருந்தார். ஜன்னல்களைச் சாத்திவிட்டு, தம்பியும் நானும் மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தோம்.

மறுநாள் காலை வடாம் காய்ந்ததா என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரோரம் வெள்ளைப் புடவையில் ஒருத்தி தலைமயிரை விரித்து உலர்த்திக்கொண்டு நின்றாள். அலறிக்கொண்டு கீழே ஓடிவந்தேன். அது மேல்வீட்டு மாஷிமா. அக்கம்பக்கத்துப் பெண்களை இந்த வங்காள ஊரில் அப்படித்தான், சித்தி என்கிற உரிமையோடு கூப்பிடுவோம். சின்ன வயதிலேயே கணவனை இழந்து, அவன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த வீட்டு வழக்கப்படி கரையில்லாத வெள்ளைதான் கட்டுவாள். தினமும் எனக்குத் தலை பின்னிவிடுகிறவள் அவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளுத்ததெல்லாம் பேயாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், பயம் அந்த ஒரு காலையோடு சரி. ஆனால் பயந்தவளுக்குக் கிடைத்த கவனிப்பு பிடித்துப்போயிற்று. மாடிப்படியில் மாஷிமாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் படத்துப் பாட்டை முனகி, "பேத்னி, பேத்னி" என்று கத்துவேன். கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் சிதறி ஓடுவார்கள். பேத்னி என்றால் வங்காளியில் பெண்பேய். அவளுக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று நானே பொறுக்கி எடுத்த சொல். குழந்தை சினிமா பார்த்து மிரண்டிருக்கிறது, வெள்ளைப் புடவையைக் கண்டால் நடுங்குகிறது என்று அம்மா மாஷிமாவிடம் சமாதானம் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று நடுங்கிக் காட்டினேன்.

நாலாம் நாள் சாயங்காலம் மாஷிமா எங்கள் வாசலில் வந்து நின்றாள். இளநீலப் புடவை, மெல்லிய பச்சைக் கரை. மடித்த இடமெல்லாம் கோடு விழுந்து, பாச்சை உருண்டை வாசனை அடித்தது. எத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்ததோ. என்னிடம் இல்லாத ஒரு பயத்தைப் போக்க அதை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் தேங்காய் உருண்டைக் கிண்ணம்.

"இனிமே பயமில்லையேம்மா?" என்று வங்காளியில் கேட்டாள்.

தம்பி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். என் ஆட்டம் முடிந்துவிடும் போலிருந்தது. மற்றப் பிள்ளைகள் வேறு படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேய் வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று வங்காளியிலேயே உரக்கச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பைக் கேட்டு மாஷிமாவின் ஓர்ப்படி மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். பெயர் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். மாஷிமா கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு மேலே போனாள். அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்ன அவள் வரவேயில்லை.

அன்று மாடியில் வெகுநேரம் சத்தம் கேட்டது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாஷிமா ஏதோ பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறாள், அதற்குத்தான் திட்டு வாங்குகிறாள் என்று நான் நினைத்தேன். தம்பிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, மீதித் தேங்காய் உருண்டைகளை நானே சாப்பிட்டேன்.