ஏழு தரம் கழுவிய வாளி

நான் செய்கிற சவர்க்காரத்தைக் கையில் எடுத்து, "மாட்டுக் கொழுப்பா? சீ!" என்று யாராவது முகத்தைச் சுளித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடைச் சவர்க்காரத்தின் உறையில் என்ன எழுதியிருக்கிறதென்று வாசித்துப் பார்த்த ஆட்கள் மாதிரித்தான் கதைப்பார்கள். என்னுடையதில் மூன்றே மூன்று சாமான்: கொழுப்பு, தண்ணீர், கோஸ்டிக் சோடா. ஐந்து வாரம் காய்ந்த பிறகு அதில் மாட்டு வாசமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை.

விலைவாசி தலைகால் தெரியாமல் ஏறி, குளிக்கிற சவர்க்காரத்தை வீட்டுக்கு வீடு பாதியாக வெட்டிப் பாவித்த காலத்தில் தொடங்கியது இது. கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். முதல் தடவை, வீட்டில் இருந்த அலுமினியச் சட்டியில் கோஸ்டிக் கரைசலை ஊற்றினேன். சட்டி சீறிக்கொண்டு கறுத்துப் பொங்கியது. பல்கனிக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன். அலுமினியத்தை அது தின்றுவிடும் என்று அந்த வீடியோக்காரி எங்கே சொன்னாள்?

"சவர்க்காரம் செய்யச் சொன்னா சட்டியைக் கரைக்கிறீர். உமக்குத்தான் கொழுப்பு கூடிப்போச்சு" என்றார் என் கணவர். அவர் துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிறவர். விட்டேனா? அடுத்த கிழமையே எவர்சில்வர் சட்டி, றப்பர் கையுறை, சின்னத் தராசு எல்லாம் வாங்கி, ஜன்னலைத் திறந்து வைத்து, கொழுப்பையும் கோஸ்டிக்கையும் நிறுத்து, கஸ்டர்ட் பதம் வரும்வரை கிண்டி, ஐஸ்கிரீம் பெட்டிகளில் ஊற்றினேன். மறுநாள் வெட்டியபோது பால் நிறத்தில் கட்டி கட்டியாக வந்தது. ஐந்து வாரம் கழித்து, கை நிறைய கிறீஸோடு வந்த மனுஷனிடம் ஒரு கட்டியை நீட்டினேன். கழுவினார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவாயில்லை" என்றார். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் அந்த வாயிலிருந்து வந்த மிகப்பெரிய பாராட்டு அதுதான்.

சவர்க்காரத்துக்கு மாட்டுக் கொழுப்பு. சமையலுக்குப் பன்றிக் கொழுப்பு. இரண்டையும் ஒரே மாதிரித்தான் உருக்குவேன்: சின்னதாக வெட்டி, அரைக் கோப்பை தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில், அவசரப்படாமல். தண்ணீர் வற்றி, கொழுப்பு தெளிந்து, மேலே மொறுமொறுவென்று சக்கை மிதக்கும். அந்தச் சக்கையில் வெங்காயம், இடித்த மிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி போட்டுப் பிசைந்தால் வீட்டில் சண்டைதான். பன்றிக் கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்ட என் தங்கச்சி, கல்கிசையிலிருந்து ரயிலேறி வெறும் போத்தலோடு வருவாள், உருக்கினதை வாங்கிக்கொண்டு போக.

இனி ராத்தா. இரண்டாம் மாடியில், எங்களுக்கு நேர் கீழே இருக்கிறவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், முஸ்லிம். அதனால் அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிற மாதிரி ராத்தா என்று கூப்பிடுவேன். பத்தொன்பது வருடப் பழக்கம். நோன்பு மாதம் முழுக்க அவர் வீட்டுக் கஞ்சி மேலே வரும். கிறிஸ்தவர்களான எங்கள் வீட்டு நத்தாருக்குப் பிராண்டி ஊற்றாத கேக் ஒன்று அவருக்கென்று தனியாக என் அடுப்பிலிருந்து கீழே போகும். என் அம்மா செத்த அன்று முதலில் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தது அவர்தான். எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஆனால் மனதில் உள்ளதைச் சொல்ல ராத்தாதான்.

ராத்தாவின் மாமியாருக்கு, அவரை நானும் மாமி என்றுதான் சொல்வேன், ஐந்து நேரமும் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்து செய்து கை வெடித்துப்போயிருந்தது. கடைச் சவர்க்காரம் பட்டால் எரியும். "நான் செஞ்சு தாறன் மாமி" என்று வாக்குக் கொடுத்தேன். ஹலால் கடையில் கொழுப்பு வாங்கினேன். புதுச் சட்டி, புது வடிதுணி, புதுப் போத்தல். பன்றி பட்ட எதுவும் கிட்டவும் வரக்கூடாது என்று அவ்வளவு கவனம். ஆறு கட்டி கொடுத்தேன். இரண்டு கிழமையில் மாமியின் கை வெடிப்பு மூடியது. படியில் காணும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டுவார். எனக்குப் பெருமையில் தலை கிறுகிறுத்துவிட்டது. கோயிலில், சந்தையில், பஸ்ஸில், எங்கே போனாலும் இதே கதைதான்.

நுணலும் தன் வாயால் கெடும். ஒருநாள் தங்கச்சியிடம் போனில் அளந்துகொண்டிருந்தேன். "அவையளுக்கு எண்டு எல்லாம் வேறயடி. சட்டி வேற, துணி வேற, போத்தல் வேற, அகப்பை..."

நின்றுவிட்டேன். மர அகப்பை. எங்கள் வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. பன்றிக் கொழுப்பைக் கிண்டிக் கிண்டி எண்ணெய் ஊறிப்போன அகப்பை. அதைத்தான் பழக்கத்தில் எடுத்து மாமிக்கான ஹலால் கொழுப்பையும் கிண்டியிருந்தேன்.

"சும்மா விடு அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள் தங்கச்சி.

அது உண்மை. ஒருவருக்கும் தெரியாது. மாமியின் கையும் சுகமாகிவிட்டது. ஆனால் அந்தக் கையோடுதானே மனுஷி தொழுகைக்கு நிற்கிறார்? சொன்னால் ராத்தா என்னை விட்டுப் போய்விடுவார், சொல்லாவிட்டால் ராத்தாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? போனை வைத்துவிட்டு, துணிகூட மாற்றாமல் கீழே இறங்கினேன்.

கதவடியில் நின்றே சொன்னேன். "ராத்தா, ஒரு பிழை நடந்திட்டுது. சவர்க்காரத்தைக் கிண்டின அகப்பை பன்றிக் கொழுப்புப் பட்டது. நான் யோசிக்கயில்ல. மன்னியுங்கோ."

ராத்தாவின் முகம் செத்துப்போனது. "யா அல்லாஹ்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு மெல்லச் சொன்னார். "பண்டி பட்டா ஏழு தரம் கழுவணும் புள்ள. அதுல ஒரு தரம் மண் கலந்த தண்ணில. இந்த ஊட்டுல மண்ணுக்கு எங்க போற?"

எங்கள் மாடிக் கட்டடத்தைச் சுற்றி எல்லாம் சீமெந்து. மேலே ஓடி, பல்கனியில் கறிவேப்பிலை நட்டிருந்த சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். உள்ளே கதிரையில் இருந்த மாமி கேட்டார். "அந்தச் சாடிக்கு என்னத்த ஊத்துற?"

"மீன் கழுவின தண்ணி, மாமி."

"இறைச்சி கழுவினது?"

"ஒருநாளும் இல்ல, மாமி. சத்தியமா."

அதன்பிறகு தொடங்கியது கழுவல். குளியலறை வாளி, கோப்பை, சவர்க்காரத் தட்டு, துவாய்கள், மாமியின் தொழுகை உடுப்பு. மண் தண்ணீர் முதலில், பிறகு ஆறு தரம் நல்ல தண்ணீர். ராத்தா தேய்க்க நான் ஊற்றினேன். வாளிக்கு ஐந்தா ஆறா என்று எனக்குக் குழம்பிவிட்டது. "அஞ்சு" என்றார் மாமி கதிரையிலிருந்து. இன்னும் இரண்டு ஊற்றினோம். கடைசியாக மாமியும் கையை நீட்டினார். சுகமான அந்தக் கையில் மண்ணைப் பூசியபோது எனக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. மிச்சச் சவர்க்காரத்தை ராத்தா கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். "நீங்க போங்க புள்ள" என்றார். கதவு மூடியது.

பத்து நாள். கீழேயிருந்து ஒரு தட்டும் மேலே வரவில்லை, ஒரு குரலும் வரவில்லை. நானும் கீழே போகவில்லை. மன்னிப்புக் கேட்டாயிற்று, இனிக் காலில் விழ வேண்டுமா என்று வீறாப்பாக இருந்தேன். உள்ளுக்குள் மட்டும் படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காது நீண்டது. உருளைக்கிழங்கு பொரித்தேன், எனக்கே இறங்கவில்லை.

பதினோராம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. ராத்தா நின்றார். ஒரு கையில் கொழுப்புப் பை, மறு கையில் புது அகப்பை.

"மாமிட கை திரும்ப வெடிக்குது. உங்கட தராசைக் கழுவி எடுத்துட்டு கீழ வாங்க. எங்கட குசினில செய்வோம்."

"கோவம் இல்லையா ராத்தா?"

"கோவம் வந்திச்சு. பொறகு போச்சு. வாங்க, சுணங்காம."

அன்று முழுக்க அவர் குசினியில் நின்றோம். கொழுப்பை உருக்கி, அளவாக எடுத்து, சவர்க்காரத்துக்குப் போக மிச்சத்தில் ராத்தா தேங்காய் ரொட்டி சுட்டார். அப்படி ஒரு ரொட்டியை நான் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. ஓரம் மொறுமொறுவென்று, நடு பஞ்சு மாதிரி. சக்கையைச் சம்பலில் போடுகிற வித்தையை நான் காட்டிக்கொடுத்தேன். மாமி மூன்று ரொட்டி சாப்பிட்டுவிட்டு இரண்டு என்று கணக்குச் சொன்னார்.

ஐந்து வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்த நேரம், ராத்தாவின் வீட்டுக்கு மாமியின் மகள் தெமட்டகொடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கென்று எடுத்து வைத்த சோற்றை வாங்க நானும் போய்க் குசினியில் நின்றேன். அந்த மகளுக்கு நான் நிற்பது தெரியாது. கை கழுவப் போனவர் கூடத்தில் இருந்த மாமியைப் பார்த்துக் கேட்டார்.

"உம்மா, இது மேல் ஊட்டு ஆள் செஞ்ச சவர்க்காரமா? அவங்க பண்டி சமைக்கிறவங்க இல்லையா? எப்பிடி நம்பிப் பாவிக்கிறீங்க?"

ராத்தா சோற்றுக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஓம், அவ செஞ்சதுதான்" என்றார் மாமி. "பிழை ஏதும் நடந்தீந்தா அவவே வந்து சொல்லீப்பா. நீ கையக் கழுவிட்டு வா, சோறு ஆறுது."

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.